எங்களுக்குத்தான் லவ் ஸ்டோரியே இல்லையே!

இப்போதெல்லாம் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனால் மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்இடி திரை ஒன்று கட்டாயம் இருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வருவதற்கு முன்பே திரைக்கு வந்துவிடுகிறார்கள். கடற்கரையில் ஓடுகிறார்கள், மலைப் பாதையில் பைக்கில் போகிறார்கள், மழையே இல்லாத இடத்தில் குடை பிடிக்கிறார்கள். பந்திக்குப் போக எழுந்த பெரியவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். "எங்க காலத்துல தாலி கட்டுற வரைக்கும் முகத்தையே பார்க்க விடமாட்டாங்க" என்று ஒரு பாட்டி சொல்ல, பக்கத்தில் இருக்கும் பேத்தி சிரிக்கிறாள்.

மூன்று நான்கு நிமிஷத்தில் முடிந்துவிடும் அந்தப் படத்துக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது எடுப்பவர்களுக்குத்தான் தெரியும். தஞ்சாவூரில் ஸ்டுடியோ நடத்தும் ஓர் அண்ணனும் தங்கையும் அப்படிப்பட்டவர்கள். அண்ணன் போட்டோ எடுக்கிறார். தங்கை வீடியோ எடுத்து, எடிட்டிங்கும் செய்கிறார். அப்பா விட்டுப்போன தொழில்.

அப்பா காலத்தில் கல்யாணம் முடிந்த பிறகுதான் தம்பதி ஸ்டுடியோவுக்கு வருவார்கள். பின்னால் பூந்தோட்டம் வரைந்த திரைச்சீலை, பக்கத்தில் ஒரு மர ஸ்டூல், அதன் மேல் பூச்சாடி. பெண் உட்கார, மாப்பிள்ளை நிற்பார். ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அந்த ஒன்றுதான் ஆயுசுக்கும் கூடத்துச் சுவரில் தொங்கும்.

பிறகு வீடியோ கேசட் வந்தது. மூன்று மணி நேரம் ஓடும். பின்னணியில் சினிமாப் பாட்டு, இதய வடிவத்துக்குள் பெண்ணின் முகம், இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிடும் உறவினர் வரிசை என்று எல்லாமே அதில் இருக்கும். போட்டோகாரர் ஒருவர், வீடியோகாரர் இன்னொருவர். "லைட்டை இந்தப் பக்கம் திருப்புய்யா" என்று ஒருவர் கத்த, "தலையை நகர்த்துங்க, மறைக்குது" என்று இன்னொருவர் கத்த, நடுவில் புகையில் கண் கலங்கி உட்கார்ந்திருப்பார் மணப்பெண்.

கேமரா ஒன்று, வேலை இரண்டு

இந்தச் சண்டையை 2008ஆம் ஆண்டு மாற்றியிருக்க வேண்டும். அந்த ஆண்டுதான் நிக்கான் டி90, கேனான் 5டி மார்க் 2 என்ற இரண்டு கேமராக்கள் அறிமுகமாயின. போட்டோ எடுக்கும் எஸ்.எல்.ஆர். கேமராவிலேயே வீடியோவும் எடுக்கலாம் என்ற வசதி அவற்றோடுதான் வந்தது. பின்னணி மங்கலாகி, முகம் மட்டும் பளிச்சென்று தெரியும் அந்த 'சினிமா லுக்' கல்யாண வீடியோக்களுக்கும் கிடைத்தது. அதற்குப் பிறகு, ஒரே ஆள் ஒரே கேமராவில் இரண்டையும் எடுத்துவிடலாமே என்ற எண்ணம் பலருக்கும் வந்தது.

கேமரா ஒன்றாகிவிட்டது உண்மைதான். ஆனால் வேலை ஒன்றாகவில்லை.

வீடியோவில் பொதுவாக ஒரு நொடிக்கு 25 படங்கள் பதிவாகும். ஒவ்வொரு படத்துக்கும் ஐம்பதில் ஒரு பங்கு நொடி நேரம் வெளிச்சத்தை உள்ளே விட்டால்தான் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டபத்து விளக்குகள் திரையில் மினுக்குவதும் இந்த வேகத்தில் அடங்கும். போட்டோவுக்கு இது ஒத்துவராது. சிரிக்கும்போது ஆடும் தலையையும், பறக்கும் முந்தானையையும் தெளிவாகப் பிடிக்க 250இல் ஒரு பங்கு நொடியோ அதைவிட வேகமாகவோ ஷட்டர் மூட வேண்டும். வெயிலில் வீடியோ எடுக்கும்போது லென்ஸுக்கு முன்னால் 'என்.டி. ஃபில்டர்' என்ற கறுப்புக் கண்ணாடியை மாட்டுவார்கள். கேமராவுக்கு அது கூலிங் கிளாஸ் மாதிரி. போட்டோகாரருக்கு அது தேவைப்படாது.

"வீடியோவுல இருந்து ஒரு ஃப்ரேமை எடுத்து போட்டோவா போட்டுடலாமே?" என்று பலரும் கேட்பார்கள். போடலாம். ஆனால் 4கே வீடியோவின் ஒரு ஃப்ரேமில் இருப்பது சுமார் 83 லட்சம் புள்ளிகள். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த போட்டோவில் 2 கோடியே 40 லட்சம். போனில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும். அதோடு, அசையும் கையும் விரலும் அந்த ஃப்ரேமில் கலங்கலாகத்தான் இருக்கும்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்த புதிதில், இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் ஜோடிகள் மாட்டிக்கொண்டு முழித்தார்கள். "இங்கே பாருங்க, சிரிங்க" என்பார் அண்ணன். "கேமராவைப் பார்க்காதீங்க, பேசிக்கிட்டே நடங்க" என்பார் தங்கை. சாயங்கால வெளிச்சம் நன்றாக இருப்பதோ அரை மணி நேரம். அந்த அரை மணி யாருக்கு என்பதில் தினமும் தகராறு.

"அண்ணே, நீ அவங்களை நிறுத்தி வெச்சிட்டா எனக்கு ஒண்ணுமே கிடைக்காது."

"நீ அவங்களை நடக்கவிட்டுக்கிட்டே இருந்தா எனக்கு ஒண்ணும் கிடைக்காது பாப்பா."

இதற்குத் தீர்வு அவர்களுக்குக் கேமராவில் கிடைக்கவில்லை. ஒரு ஜோடியின் பேச்சிலிருந்து கிடைத்தது.

பஸ் ஸ்டாப்புல பார்த்தோம்னு வெச்சுக்கலாமா?

பெண் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்ப்பவர். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் பம்ப் செட் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம். தை மாதம் நிச்சயம், வைகாசியில் கல்யாணம். இரண்டு பேரும் மாசியில் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். பெண் தன் போனில் ஒரு ரீல்ஸைக் காட்டினார். நிறைந்து ஓடும் ஆறு, அதில் ஒரு படகு, படகில் ஒரு ஜோடி.

"இதே மாதிரி காவிரியில எடுக்கணும்ண்ணா."

அண்ணன் சிரித்துவிட்டார். மேட்டூர் அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவது வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரைதான். மாசியில் காவிரியில் இறங்கினால் மணலில் நடந்து அக்கரைக்கே போய்விடலாம்.

"படகுக்குப் பதிலா மாட்டு வண்டிதான் விடணும்மா."

பெண் கொஞ்சம் ஏமாந்துபோனார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னார். "லவ் ஸ்டோரி வீடியோன்னு சொல்றாங்க. எங்களுக்குத்தான் லவ் ஸ்டோரியே இல்லையேக்கா. ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் இவர் யாருன்னே தெரியாது. நீங்களே ஏதாவது ஒண்ணு எழுதிக் கொடுத்திடுங்களேன். பஸ் ஸ்டாப்புல பார்த்தோம்னு வெச்சுக்கலாமா?"

இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணத்துக்குச் சினிமாவிலிருந்து ஒரு காதல் கதையைக் கடன் வாங்கி மாட்டிவிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். தங்கை உடனே சரி என்று சொல்லவில்லை. "முதல்ல கொஞ்ச நேரம் பேசுவோம். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

கேமராவே இல்லை. ஒரு காலர் மைக் மட்டும். பெண்ணிடம் தனியாக அரை மணி நேரம், மாப்பிள்ளையிடம் தனியாக அரை மணி நேரம். காதல் எப்போது வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. அப்படிக் கேட்டால் யாருக்கும் பதில் வராது என்பது அவர் அனுபவம். முதல்முறை போன் பேசியபோது எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள், அவர் சொன்னதில் எது மறக்கவில்லை, எதற்காவது பயந்தீர்களா என்று சின்னச் சின்னக் கேள்விகள்தான்.

பெண் சொன்னார். காலேஜ் படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அம்மா தையல் வேலை செய்கிறார். தம்பி பதினொன்றாம் வகுப்பு. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, நிச்சயத்துக்கு முன்பு, மாப்பிள்ளைக்கு அவரே போன் செய்திருக்கிறார். தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்று பழைய சலான் ஒன்றின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு படித்தாராம். 'கல்யாணத்துக்கு அப்புறமும் என் சம்பளத்துல பாதி அம்மாவுக்குத்தான். தம்பி படிப்பு முடியற வரைக்கும். இது சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிடுங்க.'

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சம்பந்தம் அவ்வளவுதான் என்று அவர் நினைத்துவிட்டார். பிறகு பதில் வந்தது. "உங்க சம்பளத்துக்கு என்கிட்ட எதுக்குங்க பர்மிஷன்? தம்பி என்ன குரூப் எடுத்திருக்கான்?"

"அந்தக் கொஞ்ச நேரம் இவர் என்ன யோசிச்சார்னு எனக்கு இன்னும் தெரியலக்கா. கேட்கவும் இல்லை" என்றார் பெண்.

அடுத்து மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். எது மறக்கவில்லை என்ற கேள்விக்கு அவரும் அதே போன் பேச்சைத்தான் சொன்னார். "நான் அப்போ மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். சத்தத்துல பாதிதான் கேட்டுச்சு. வெளியில ஓடி வந்து, அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு நானா கூட்டிப் பார்த்துப் பதில் சொன்னேன். ஆனா ஒண்ணு, யாருக்கும் பயப்படாம பேசினாங்க. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது."

தங்கை மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து அண்ணனிடம் சொன்னாராம்: "அண்ணே, பஸ் ஸ்டாப் கதை வேண்டாம்."

யாரைக் கேட்டுப் போடுவது?

அதில் ஒரு சிக்கல் இருந்தது. சம்பளத்தைப் பற்றிய அந்தப் பேச்சு மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியாது. படம் ஓடப்போவதோ ரிசப்ஷன் மேடையில், இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் முன்னால். "போடுங்கக்கா, அதிலென்ன?" என்று மாப்பிள்ளை சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த வீட்டுக்கு வாழப்போவது பெண்.

அந்தக் குரலை விட்டுவிட்டால் படத்தில் உயிர் இருக்காது என்று தங்கைக்குத் தெரியும். "மைக் நம்மளுதா இருக்கலாம் பாப்பா. அதுல பதிவானது அந்தப் பொண்ணோட வாழ்க்கை. அவங்ககிட்ட கேளு" என்றார் அண்ணன். பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போன் செய்தார்.

"மண்டபத்துல வேண்டாம்க்கா. அத்தைகிட்ட நேரம் பார்த்து நாங்களே சொல்லிக்கிறோம். திரையில பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டா அவங்க மனசுக்கு எப்படி இருக்கும்?"

அதனால் இரண்டு படம் என்று முடிவானது. ஏழு நிமிஷப் படம் ஒன்று, இவர்கள் இருவருக்கு மட்டும். மூன்றரை நிமிஷப் படம் ஒன்று, மண்டபத்துக்கு.

ஷூட்டிங் திருவையாற்றுப் பக்கம். சம்பா அறுவடை முடிந்து, வயலெல்லாம் உளுந்து பச்சைக் கம்பளமாகக் கிடந்தது. வரப்பில் இருவரும் நடந்து போவதைத் தங்கை வீடியோ எடுத்தார். பழக்கமில்லாத வரப்பில் மாப்பிள்ளை தடுமாற, பெண் முன்னால் போய்க் கை கொடுத்தார். அதை யாரும் சொல்லிச் செய்யவில்லை. இப்படி அசைவில் இருப்பதெல்லாம் வீடியோவுக்கு. அந்த நேரத்தில் அண்ணன் ஓர் ஓரமாக நின்று, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் காவிரி மணலில் இருவரையும் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு பக்க இயர்போன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் முதல்முறையாகக் கேட்கப் போகிறார்கள். தங்கை கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டு விலகிக்கொண்டார். அண்ணன் இருபது அடி தள்ளி, நீள லென்ஸோடு மணலில் முழங்காலிட்டார்.

'சத்தத்துல பாதிதான் கேட்டுச்சு' என்ற இடம் வந்தது. பெண் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர். மாப்பிள்ளை மணலைப் பார்த்துக்கொண்டு குனிந்துவிட்டார். இரண்டு மாதமாக அவர் மனதில் இருந்த கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. அண்ணன் 500இல் ஒரு பங்கு நொடி வேகத்தில் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தார். அதில் ஒன்று அமைந்தது. விரல்கள் உதட்டைத் தொடும் அந்த நொடி, துளிகூடக் கலங்கல் இல்லாமல்.

ஏழு நிமிஷப் படத்தில் குரல் எல்லாமே இருக்கிறது. மண்டபத்துப் படத்தில், சரியாக அந்த இடம் வரும்போது பேச்சு நிற்கிறது, அசைவும் நிற்கிறது. அந்த ஒரு போட்டோ மட்டும் ஆறு நொடி திரையில் நிற்கிறது. பின்னணியில் ஆற்றுக் காற்றின் சத்தம். பிறகு மறுபடியும் உளுந்து வயல், நடை, சிரிப்பு. பார்த்த சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை ஏதோ ஜோக் அடித்திருப்பார் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து அண்ணன் தங்கை சண்டை அநேகமாக ஓய்ந்துவிட்டது. நடப்பதும் பேசுவதும் வீடியோவுக்கு. நின்று பார்க்க வேண்டியதும், வெளியே சொல்ல முடியாததும் போட்டோவுக்கு. எது எது என்பதை ஜோடியின் குரலைக் கேட்ட பிறகுதான் பிரிக்கிறார்கள். லொக்கேஷன், டிரஸ் எல்லாம் அதற்கு அப்புறம்.

புக் பண்ணுவதற்கு முன்

கல்யாணம் நிச்சயமாகி, ஸ்டுடியோ தேடிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு இவர்கள் சொல்லும் யோசனைகள் சில உண்டு. போட்டோவையும் வீடியோவையும் ஒரே ஆள் எடுக்கிறாரா, இரண்டு பேரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே ஆள் என்றால் செலவு குறையும். ஆனால் ஒரே நொடியில் இரண்டும் கிடைக்காது. முக்கியமானது எது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது உரிமை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17இன்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர் பொதுவாக அவர்தான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் அது மாறும். அதனால், 'எங்கள் பக்கத்தில் வெளியிட்டுக்கொள்வோம்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்தே கையெழுத்துப் போட வேண்டும். நிச்சயமான கல்யாணம் நின்றுபோவதும் உலகத்தில் நடக்கிறது. அப்போது இணையத்தில் சுற்றும் படம் யாரை அதிகம் வாட்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்யாணம் முடியும்வரை எதையும் பொதுவில் போடாமல் இருப்பதே இந்த ஸ்டுடியோவின் வழக்கம்.

ரயில் தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கக் கேட்பவர்களுக்கு அண்ணனின் பதில் ஒரே வார்த்தை: முடியாது. உயிருக்கு ஆபத்து என்பதோடு, அத்துமீறி நுழைவதற்கு 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் பிரிவு 147இன்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பெரிய கோயில், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களிலும் ஸ்டாண்ட், விளக்கு சகிதம் போய் இறங்க முடியாது. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கடைசியாக, பிரதி. அப்பா காலத்துக் கேசட்டுகளில் பல பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. அதே கல்யாணங்களின் ஆல்பங்கள் இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. வீடியோவை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வைப்பது நல்லது. பிடித்த போட்டோ ஒன்றையாவது பிரிண்ட் போட்டுவிட வேண்டும்.

பட்டுக்கோட்டைப் பெண் அதைச் செய்தார். கல்யாணமாகி மூன்று மாதம் கழித்துப் போன் செய்து, அந்த ஆற்றுமணல் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டார். கோயம்புத்தூர் வீட்டுக் கூடத்தில் அது மாட்டப்பட்டது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்த மாமியார் ஒருநாள் கேட்டிருக்கிறார்: "அப்படி என்னம்மா சிரிப்பு அன்னைக்கு?"

மருமகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மகன் போனில் அந்த ஏழு நிமிஷப் படத்தைப் போட்டுக் காட்டினார். பார்த்து முடித்ததும் மாமியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னாராம்:

"பாதி காதுல விழுந்ததுக்கே ஒழுங்கா பதில் சொல்லியிருக்கியேடா. பரவாயில்லை."